சென்னைக்குப் புதிய போலீஸ் கமிஷனர்: யார் தேர்ந்தெடுக்கிறார்கள், எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குடியிருப்பின் மாதக் கூட்டம் மொட்டை மாடியில்தான் நடக்கும். தண்ணீர் லாரிக் கணக்கும் லிஃப்ட் பழுதும் பேசி முடித்தபின், பக்கோடா வந்து சேரும்வரை ஊர்க்கதை. சென்ற கூட்டத்தில் மூன்றாவது மாடி சார் தன் மகளைப் பற்றிச் சொன்னார். அந்தப் பெண் அமெரிக்காவில் ஒன்றரை லட்சம் பேர் வாழும் ஒரு நகரத்தில் இருக்கிறாள். நம் கணக்கில் ஒரு சட்டமன்றத் தொகுதி அளவுகூட வராது. அந்த ஊர்க் காவல்துறைத் தலைவர் ஓய்வு பெற்றதும், நகர நிர்வாகம் நாடு முழுவதற்கும் விளம்பரம் கொடுத்ததாம். ‘எப்படிப்பட்டவர் வேண்டும்?’ என்று ஊராருக்குக் கேள்வித்தாள் அனுப்பியதாம். கடைசிச் சுற்றுக்கு வந்த மூன்று பேரை ஒரு மண்டபத்தில் உட்காரவைத்து, மக்களையே கேள்வி கேட்கச் சொன்னதாம். மகளும் ஒரு கேள்வி கேட்டாளாம்: ‘மனநலம் பாதித்த ஒருவர் நடு இரவில் தெருவில் நின்று கத்தினால், உங்கள் ஆள் முதலில் என்ன செய்வார்?’

அவ்வளவுதான். பக்கோடாவை மறந்துவிட்டு, ‘நம் சென்னையில் எப்படி?’ என்று எல்லோரும் என் பக்கம் திரும்பிவிட்டார்கள். சங்கச் செயலாளர் என்றால் எல்லாம் தெரிந்திருக்க வேண்டுமே! நான் வழக்கறிஞன் அல்ல. வங்கியில் முப்பது ஆண்டுகள் குப்பை கொட்டியவன். ஆனால் அரசாணையும் சுற்றறிக்கையும் படித்துப் பழகிய கண். அன்று கேட்கப்பட்டவையும், பிறகு படிக்கட்டில் மறித்துக் கேட்கப்பட்டவையும், நான் தேடிப் படித்துச் சொன்ன பதில்களும் இவை.

சென்னைக் காவல் ஆணையரைத் தேர்ந்தெடுப்பது யார்?

மாநில அரசு. சுற்றி வளைக்காமல் சொன்னால், முதலமைச்சர். அரசியலமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் ‘காவல்’ மாநிலப் பட்டியலில் இருக்கிறது. உள்துறையில் கோப்பு உருவாகி, முதலமைச்சரின் ஒப்புதல் பெற்று, அரசாணையாக வெளியாகும்.

விளம்பரம் கிடையாது, விண்ணப்பம் கிடையாது, நேர்காணலும் கிடையாது. நமக்குத் தெரியவருவது பெரும்பாலும் தொலைக்காட்சியின் அடியில் ஓடும் வரியில்தான்: ‘ஐபிஎஸ் அதிகாரிகள் பணியிட மாற்றம்’. அந்தப் பட்டியலைப் பார்த்தால் இந்த முறையின் சாரம் விளங்கிவிடும். அதிகாரியின் பெயர், இப்போது இருக்கும் இடம், இனிப் போகும் இடம். இவரை ஏன் தேர்ந்தோம் என்பதற்கு ஒரு வரியும் இராது. பழையவர் ஏன் போகிறார் என்பதற்கு ‘நிர்வாகக் காரணம்’ என்ற இரண்டு சொற்கள் இருந்தால் உண்டு. கமிஷனர் நியமனம் என்று நாம் சொல்வது உண்மையில் ஓர் இடமாற்றம். நகரத்துக்கு ஒரு தலைவரைத் தேடுவதில்லை. இருக்கிற அதிகாரிகளில் ஒருவரை அங்கே மாற்றுகிறார்கள்.

நான் விண்ணப்பிக்க முடியுமா?

நான்காவது மாடித் தம்பி கேட்டது, கல்லூரி இரண்டாம் ஆண்டு. முடியும், ஆனால் இப்போதே தொடங்க வேண்டும். யுபிஎஸ்சி குடிமைப் பணித் தேர்வு எழுதி, ஐபிஎஸ் கிடைத்து, ஹைதராபாத் தேசிய காவல் அகாடமியில் பயிற்சி முடித்து, தமிழ்நாட்டுக்கே ஒதுக்கப்பட்டு, எஸ்பி, டிஐஜி, ஐஜி என்று ஏறி வர வேண்டும். சென்னை ஆணையர் வழக்கமாகக் கூடுதல் டிஜிபி நிலையில் இருப்பவர். அந்த நிலைக்கு ஏறக்குறைய 25 ஆண்டுப் பணி தேவை. இருபத்தைந்து வயதில் சேர்ந்தால், ஐம்பதில் அந்த நாற்காலி கண்ணுக்குத் தெரியும். அறுபதில் ஓய்வு.

டிஎன்பிஎஸ்சி குரூப் 1 எழுதி டிஎஸ்பியாகச் சேர்ந்தவர்களும் பதவி உயர்வில் ஐபிஎஸ் ஆகலாம். ஆனால் அவர்கள் அந்த உயரத்தைத் தொடுவதற்குள் பெரும்பாலும் ஓய்வு வயது வந்துவிடுகிறது. சீருடைப் பணியாளர் தேர்வாணையம் வழியாகக் காவலராகவோ உதவி ஆய்வாளராகவோ சேர்பவருக்கு இந்த நாற்காலி நடைமுறையில் இல்லை. அமெரிக்காவில் ரோந்துக் காவலராகத் தொடங்கியவர்தான் பெரும்பாலும் தலைவராக வருகிறார். இரண்டு முறைக்கும் நடுவில் எனக்குப் பெரிதாகப் படும் வேறுபாடு விளம்பரமும் நேர்காணலும் அல்ல, இந்த ஏணிதான்.

அமெரிக்காவில் ஊருக்கு ஊர் எப்படித் தேர்வு நடத்த முடிகிறது?

அங்கே காவல்துறை ஊரின் சொத்து. நாடு முழுவதும் ஏறத்தாழ 18,000 தனித்தனிக் காவல் அமைப்புகள் இருக்கின்றன. பல அமைப்புகளில் பத்துப் பேர்கூட இல்லை. நடுத்தர நகரம் என்றால் மேயரோ, நகரசபை சம்பளத்துக்கு அமர்த்திய நகர மேலாளரோ காவல்துறைத் தலைவரை நியமிக்கிறார். ஆள் தேடித் தரும் நிறுவனத்திடம் வேலையை ஒப்படைப்பது வழக்கம். மக்கள் கருத்துக் கேட்பு, விண்ணப்பங்களைச் சலித்தல், குழு நேர்காணல், மக்கள் சந்திப்பு, பின்னணி விசாரணை என்று மாதக்கணக்கில் இழுக்கும். வேறு மாநிலத்திலிருந்து வருபவர் அந்த மாநிலத்தின் காவலர் தகுதிச் சான்றையும் பெற வேண்டியிருக்கும். மாவட்டம் போன்ற கவுன்டிகளில் ஷெரிஃப் என்றொருவர் இருப்பார். அவரைப் பெரும்பாலான இடங்களில் மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

மூன்றாவது மாடி சார் ‘பார்த்தீர்களா, பார்த்தீர்களா’ என்றார். பார்த்தேன். ஆனால் இவ்வளவு சலித்து எடுத்தவரையும் பல ஊர்களில் மேயர் நினைத்த மறுநாள் அனுப்பிவிடலாம் என்பதையும் அவருக்குச் சொன்னேன். பெரிய நகரங்களில் ஒரு துப்பாக்கிச்சூடு, ஒரு காணொளி, தலைவர் வீட்டுக்குப் போய்விடுவார். வருகிற வாசல் அகலம். வெளியே தள்ளும் வாசலும் அதே அகலம்.

‘யுபிஎஸ்சி மூன்று பெயர் கொண்ட பட்டியல்’ என்று செய்தியில் வருகிறதே, அது என்ன?

அது டிஜிபி பதவிக்கு. சட்டம் ஒழுங்கு டிஜிபி என்று நாம் சொல்லும் மாநிலக் காவல்துறையின் தலைவர். கமிஷனருக்கும் அதுதான் முறை என்று எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் நினைத்திருந்தார்கள். ஒரு மாதம் முன்புவரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

உத்தரப் பிரதேசத்திலும் அசாமிலும் டிஜிபியாக இருந்த பிரகாஷ் சிங், ஓய்வுக்குப் பின் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்குப் போட்டார். 2006 செப்டம்பரில் ஏழு கட்டளைகளோடு தீர்ப்பு வந்தது. அதில் ஒன்று: மூத்த அதிகாரிகளிலிருந்து யுபிஎஸ்சி மூன்று பேரைத் தேர்ந்து தர வேண்டும், மாநில அரசு அவர்களில் ஒருவரை டிஜிபியாக்க வேண்டும், அவர் குறைந்தது இரண்டு ஆண்டு அந்தப் பதவியில் இருக்க வேண்டும். ‘பொறுப்பு டிஜிபி’ என்று யாரையும் வைத்து ஓட்டக்கூடாது என்று 2018இல் அதே நீதிமன்றம் சொன்னது. இருந்தும் 2025 ஆகஸ்ட் இறுதியில் டிஜிபி சங்கர் ஜிவால் ஓய்வு பெற்றபோது தமிழ்நாட்டுக்குப் பொறுப்பு டிஜிபிதான் வந்தார். தீர்ப்பு ஒரு பக்கம், நடப்பு ஒரு பக்கம்.

மாநகர ஆணையருக்கு இப்படிப்பட்ட பட்டியல் எதுவும் இல்லை. டெல்லியில் இது சோதித்துப் பார்க்கப்பட்டது. 2021 ஜூலையில், ஓய்வுக்குச் சில நாட்களே இருந்த ராகேஷ் அஸ்தானா டெல்லி போலீஸ் கமிஷனராக நியமிக்கப்பட்டார். எதிர்த்து வழக்குப் போட்டார்கள். பிரகாஷ் சிங் தீர்ப்பின் விதிகள் மாநில டிஜிபிக்குத்தான், டெல்லி கமிஷனருக்குப் பொருந்தாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் அக்டோபரில் சொல்லிவிட்டது. டெல்லியின் கதையே தனி. அங்கே காவல்துறை மத்திய அரசின் கையில்.

மேயருக்கு இதில் பங்கு உண்டா?

இல்லை. நகராட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம் என்று 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் பட்டியலிட்ட 18 பணிகளில் காவல் இல்லை. தெருவிளக்கு மாநகராட்சி, அந்த விளக்கு எரியாத இருட்டில் சங்கிலி பறிபோனால் காவல்துறை. இரண்டுக்கும் நடுவில் நிற்பது நாம்.

எஸ்பி இருக்கும்போது கமிஷனர் எதற்கு? என்ன வேறுபாடு?

மாவட்டத்தில் அதிகாரம் இரண்டு கையில் இருக்கும். காவல்துறை எஸ்பியிடம், தடை உத்தரவு போடுவது போன்ற நிர்வாக நடுவர் (மாஜிஸ்திரேட்) அதிகாரம் ஆட்சியரிடம். கமிஷனர் உள்ள நகரத்தில் ஆட்சியரிடம் இருக்கும் அந்த அதிகாரத்தில் ஒரு பெரும்பகுதி காவல் ஆணையரிடமே வந்துவிடுகிறது. நேற்று வந்த ஏற்பாடு அல்ல இது. சென்னை, பம்பாய், கல்கத்தா மூன்றுக்கும் 1856ஆம் ஆண்டுச் சட்டம் வழியாக வந்தது. இன்று சென்னையில் நடப்பில் இருப்பது 1888ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டம். அதைத்தான் 1987இல் மதுரைக்கும் கோவைக்கும், 1997இல் சேலம், திருச்சி, திருநெல்வேலிக்கும் நீட்டினார்கள். டெல்லிக்குக் கமிஷனர் வந்ததே 1978இல்தான்.

செய்தித்தாளில் ‘சென்னையில் 15 நாட்களுக்கு ஊர்வலம், ஆர்ப்பாட்டம் நடத்தத் தடை’ என்று அவ்வப்போது ஒரு சிறு செய்தி வரும். அது நகரக் காவல் சட்டத்தின் 41ஆவது பிரிவில் ஆணையர் போடும் உத்தரவு. அனுமதி கேட்டு எழுதினால் வள்ளுவர் கோட்டம், எழும்பூர் ராஜரத்தினம் மைதானம் அருகே என்று இடம் குறித்துக் கொடுப்பதும் அவருக்குக் கீழே உள்ளவர்கள்தான். இதைவிடக் கனமானது குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982ஆம் ஆண்டின் 14ஆவது சட்டம். மாவட்டங்களில் ஆட்சியர் கையெழுத்திடும் அந்தத் தடுப்புக்காவல் ஆணையில் இங்கே கையெழுத்திடுபவர் ஆணையர். ஒருவரை வழக்கு விசாரணை முடியாமலே ஓராண்டுவரை உள்ளே வைக்கும் கையெழுத்து அது. ஆணையைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகம் இருக்கிறது, உயர் நீதிமன்றம் இருக்கிறது, பல ஆணைகள் அங்கே உடைபடவும் செய்கின்றன. ஆனால் முதல் கையெழுத்து இவருடையது.

இவ்வளவு அதிகாரம் ஒரே மேசையில் குவிந்திருக்கும்போது, அந்த மேசைக்கு வருபவரை ஏன் தேர்ந்தார்கள் என்று ஒரு பத்தியாவது எழுதித் தந்தால் என்ன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வங்கியில் ஒரு கிளை மேலாளரை மாற்றுவதற்கே நாங்கள் அதைவிட அதிகம் எழுதுவோம்.

வெளிமாநிலத்தவர் வந்தால் தமிழ் தெரியுமா?

தெரியும். தமிழ்நாட்டுக்கு ஒதுக்கப்படும் ஐபிஎஸ் அதிகாரி தமிழில் துறைத் தேர்வு எழுதித் தேற வேண்டும். அதன்பின் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் இங்கேயே மாவட்டம் மாவட்டமாகச் சுற்றியவர். என் அனுபவத்தில், இரண்டாம் மாடி இளைஞர்களைவிட அவர்கள் தமிழ் தெளிவாக இருக்கும்.

பெண் கமிஷனர் இருந்திருக்கிறாரா?

லத்திகா சரண், 2006. 2010இல் மாநில டிஜிபியாகவும் ஆனார். அந்த டிஜிபி நியமனம் பிரகாஷ் சிங் தீர்ப்பின்படி நடக்கவில்லை என்று மற்றொரு மூத்த அதிகாரியான ஆர்.நட்ராஜ் வழக்குத் தொடுத்தார். உயர் நீதிமன்றம் நியமனத்தை ரத்து செய்தது. அரசு முறைப்படி மீண்டும் பரிசீலித்து அவரையே நியமித்தது. பெயர் மாறவில்லை என்று சிரிப்பவர்கள் உண்டு. வழி மாறியதே எனக்குப் போதும்.

கமிஷனர் எத்தனை ஆண்டு இருப்பார்?

இங்கேதான் நான் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காகிதத்தில் இரண்டு ஆண்டு. 2014இல் திருத்தப்பட்ட ஐபிஎஸ் பணிவிதிகள், மாநில ஒதுக்கீட்டுப் பணியிடங்களில் உள்ளவருக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு என்கின்றன. பதவி உயர்வு, ஓய்வு, அயல்பணி போன்றவை விலக்கு. அதற்கு முன் மாற்றுவதானால் ஒரு குழுவின் பரிந்துரை வேண்டும். நடப்பில் என்ன?

சென்னைக் கமிஷனர் ஒருவர் நகரத்தைக் கற்றுக்கொண்டாரா என்பதற்கு நானே ஓர் அளவுகோல் வைத்திருக்கிறேன்: அவர் இரண்டாவது காணும் பொங்கலைப் பார்த்தாரா? சிரிக்க வேண்டாம். இந்த நகரத்துக்கு ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது. ஆவணியில் விநாயகர் ஊர்வலங்கள் கடற்கரைக்கு வரும். எந்தத் தெருவழியே போகலாம், எந்தத் தெருவில் மேளம் நிற்க வேண்டும் என்பது ஒவ்வோர் ஆண்டும் தலைவலி. ஐப்பசி, கார்த்திகையில் மழை. சுரங்கப்பாதை எது முதலில் மூழ்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். டிசம்பர் 31 இரவு. மயிலாப்பூர் அறுபத்துமூவர். சேப்பாக்கத்தில் கிரிக்கெட். இவற்றுக்கெல்லாம் நடுவில், தை மூன்றாம் நாள் பிற்பகல், நகரம் முழுவதும் மெரினாவுக்கு வரும்.

சில ஆண்டுகளுக்கு முன் பேத்தியை அழைத்துக்கொண்டு போனேன். உழைப்பாளர் சிலை அருகே ஒரு பெண் காவலர், மடியில் பட்டைகளைக் கட்டாக வைத்துக்கொண்டு, வரிசையாக வரும் குழந்தைகளின் மணிக்கட்டில் ஒன்று ஒன்றாகக் கட்டிக்கொண்டிருந்தார். பட்டையில் பெற்றோரின் கைபேசி எண்ணைப் பேனாவால் எழுத வேண்டும். ஈரக் கை, மணல், கரும்புச் சாறு; எழுத்து நிற்கவில்லை. ‘நன்றாகத் துடைத்துவிட்டு நீட்டு கண்ணு’ என்று ஒவ்வொரு குழந்தையிடமும் சொல்லித் தன் கைக்குட்டையாலேயே துடைத்தார். அந்தக் கைக்குட்டையும் நனைந்துபோயிருந்தது. அடுத்த முறை அழியாத மையும் துடைக்க ஒரு துணியும் கொடுக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? அந்தக் கூட்டத்தில் அன்று நின்றவருக்கு. அவர் மறு ஆண்டும் அதே பொறுப்பில் இருந்தால்தான் மையும் துணியும் வரும்.

இப்போது கணக்குப் பாருங்கள். ஏ.கே.விஸ்வநாதன் 2017 மே முதல் 2020 ஜூன் முடியும்வரை இருந்தார். மூன்று காணும் பொங்கல். அடுத்து மகேஷ்குமார் அகர்வால், ஓராண்டு நிறையவில்லை. அவர் காலத்தில் வந்த ஒரே காணும் பொங்கலன்று கொரோனா காரணமாகக் கடற்கரைக்குப் போகவே அனுமதி இல்லை. 2021 மே மாதம் ஆட்சி மாறியதும் சங்கர் ஜிவால் வந்து, இரண்டு ஆண்டு இருந்து, டிஜிபியாகப் போனார். சந்தீப் ராய் ரத்தோர் ஓராண்டு. ஒரு காணும் பொங்கல். 2024 ஜூலையில் ஏ.அருண். ஏழு ஆண்டில் ஐந்து பேர். ஒவ்வொருவரும் திறமையானவர் என்றே வைத்துக்கொள்வோம்; என் கேள்வி திறமை பற்றியது அல்ல.

மூன்றாண்டு கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் கண் முன்னால் சாட்சி இருக்கிறது. விஸ்வநாதன் காலத்தில்தான் ‘மூன்றாவது கண்’ என்று தெருத்தெருவாக சிசிடிவி கேமரா வைக்கும் இயக்கம் நடந்தது. காவல்துறை தூண்டியது, வணிகர்களும் சங்கங்களும் பணம் போட்டார்கள். நாங்களும் தலைக்கு இவ்வளவு என்று வசூலித்து, டீக்கடை முனையில் இரண்டு கேமரா வைத்தோம். முதல் இரண்டு ஆண்டு பராமரிப்புக்கும் நாங்களே கொடுத்தோம். பிறகு யாரும் கேட்கவில்லை, நாங்களும் மறந்தோம். இப்போது ஒரு கேமரா வேப்ப மரத்தின் கிளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மற்றொன்றில் குருவி கூடு. பிழை எங்களுடையது, ஒப்புக்கொள்கிறேன்.

இடையில் மாற்ற முடியுமா? யார் மாற்றலாம்?

அரசு எப்போது வேண்டுமானாலும் மாற்றுகிறது. பெரிய குற்றம் நடந்து ஊர் கொதித்தால் முதலில் அசைவது இந்த நாற்காலிதான். பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் 2024 ஜூலை 5 அன்று பெரம்பூரில் வெட்டிக் கொல்லப்பட்டார். மூன்றாம் நாள் கமிஷனர் மாற்றப்பட்டார். மாற்றியது சரியா தவறா என்று எங்கள் மாடியில் இரண்டு கட்சி ஆனது. சரி என்பவர்கள், யாராவது பொறுப்பேற்க வேண்டாமா என்றார்கள். வேண்டும்தான். ஆனால் விசாரித்து, இன்ன தவறு என்று எழுதி, அதன்பின் மாற்றினால் அது பொறுப்பு. மூன்று நாளில் மாற்றினால் ஊரின் கோபத்துக்கு ஒரு படையல் என்றே எனக்குப் படுகிறது.

தேர்தல் நேரத்தில் தேர்தல் ஆணையமும் மாற்றலாம். 2017 மார்ச்சில், ஆர்.கே.நகர் இடைத்தேர்தலை முன்னிட்டு, அப்போதைய ஆணையர் எஸ்.ஜார்ஜை மாற்றிக் கரன் சின்ஹாவை நியமித்தது ஆணையம். ஒரு தொகுதி, ஒரு இடைத்தேர்தல், நகரம் முழுவதற்கும் புதிய கமிஷனர்.

ஆவடி, தாம்பரத்துக்கும் இவர்தானா?

இல்லை. 2022 ஜனவரி 1 முதல் அவை தனிக் காவல் ஆணையரகங்கள். உங்கள் வீடு எந்த எல்லையில் வருகிறது என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சென்னை என்று முகவரி எழுதுகிறோம் என்பதற்காக வேப்பேரியில் உள்ள சென்னை ஆணையர் அலுவலகத்துக்கு மனு கொண்டுபோய்த் திரும்பியவர்கள் எங்கள் உறவிலேயே இருக்கிறார்கள்.

என் தம்பி திருப்பூரில் இருக்கிறான். அங்கே வேறு முறையா?

அதே முறை, அதே பட்டியல். நிலை மட்டும் சற்றுக் கீழே, ஐஜி அல்லது டிஐஜி. நடுத்தர நகரங்களில் இது ஒரு படிக்கட்டு. நன்றாகச் செய்தால் சீக்கிரம் மேலே போய்விடுவார். உங்கள் தம்பி ஊருக்கு அது நல்லதா என்பது வேறு.

அமெரிக்க முறையை இங்கே கொண்டுவரலாமே?

அப்படியே வேண்டாம் என்பது என் எண்ணம். நம் காவல்துறை ஒரே மாநில அமைப்பு; ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் இருக்கிறார்கள். ஊருக்கு ஊர் தலைவரைத் தேர்ந்தெடுத்தால், கவுன்சிலருக்கு வேண்டியவர் காவல்துறைத் தலைவராக உட்காரும் நாள் வெகுதொலைவில் இராது. மண்டபத்தில் மக்கள் கேள்வி கேட்பது அழகு. நம் ஊரில் அந்த மண்டபத்தின் முதல் மூன்று வரிசையில் யார் உட்காருவார்கள் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

ஆனால் மண்டபம் இல்லாமலே செய்யக்கூடியது இருக்கிறது. நியமன ஆணையோடு காரணத்தை ஒரு பத்தி வெளியிடலாம். இரண்டு ஆண்டுக்குள் மாற்றினால் அதற்கும் ஒரு பத்தி. பொறுப்பேற்ற ஆறாம் மாதம் ஆணையர் ஒவ்வொரு காவல் மாவட்டத்திலும் ஒரு மாலை உட்கார்ந்து, வந்தவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்லலாம். அடையாறில் கேட்கும் கேள்வி வேறு, புளியந்தோப்பில் கேட்கும் கேள்வி வேறு. இதற்கெல்லாம் புதிய சட்டம் தேவையில்லை.

புதிய கமிஷனரிடம் நேரே மனு கொடுத்தால் வேலை நடக்குமா?

கொடுக்கலாம், குறைதீர் முகாம் நடக்கிறது. ஆனால் மனுவின் பயணத்தைத் தெரிந்துகொண்டு கொடுங்கள். என் ஸ்கூட்டர் திருடுபோனபோது, ஒரு காவல் நிலையத்தில் புகாரைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீதுகூடத் தராமல் நான்கு நாள் அலையவிட்டார்கள். மேலதிகாரி ஒருவருக்கு மனு எழுதினேன். அது முறைப்படி ஒவ்வொரு மேசையாக இறங்கி, ஒவ்வொரு மேசையிலும் ஒரு முத்திரையும் ‘உரிய நடவடிக்கைக்கு’ என்ற ஒரு வரியும் வாங்கி, கடைசியில் நான் யார்மீது புகார் சொன்னேனோ அந்த ஆய்வாளரின் மேசைக்கே வந்து சேர்ந்தது. அவர் என்னைக் கூப்பிட்டு, தேநீர் கொடுத்து, ரசீதும் கொடுத்தார். ஸ்கூட்டர் வரவில்லை.

எஃப்ஐஆர் பதிய மறுத்தால் நேரே உச்சிக்குப் போக வேண்டியதில்லை. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆவது பிரிவின்படி, புகாரின் சாரத்தை எழுத்து மூலம் எஸ்பிக்கு, அதாவது சென்னையில் துணை ஆணையருக்கு, தபாலில் அனுப்பலாம். அதற்கும் அசைவில்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம். தபால் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

நமக்கு ஒரே ஒரு கேள்வி கேட்க வாய்ப்புக் கிடைத்தால் என்ன கேட்பது?

மூன்றாவது மாடி சார் இதைக் கேட்டபோது பக்கோடா தீர்ந்திருந்தது. ஆளுக்கொன்று சொன்னார்கள். நடைபாதையில் ஏறும் பைக்குகள் பற்றி ஒருவர். கோயில் ஒலிபெருக்கி பற்றி ஒருவர், அதற்கு மறுப்பாக இன்னொருவர். மகள் கேட்டதையே இங்கேயும் கேட்கலாம் என்றார் சார்.

நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்த இரவுக் காவலர் பெரியவர், ‘பட்டா புத்தகத்தைப் பார்த்தீர்களா சார்?’ என்றார். ரோந்து வரும் காவலர் வந்து போனதற்குக் கையெழுத்திடும் நோட்டு அது. எங்கள் வாசலில் ஒரு தகரப் பெட்டிக்குள் இருக்கிறது. சங்கத்தில் யாரும் அதைத் திறந்ததே இல்லை. கீழே போய், கைபேசி வெளிச்சத்தில் புரட்டிக் காட்டினார். புதிய கமிஷனர் பொறுப்பேற்ற மாதத்தில் இரவுக்கு இரண்டு கையெழுத்து: 1.10, 3.40, 12.50, 3.15. இரண்டு மாதம் தள்ளி ஒன்றாகிறது. அதற்கும் பிறகு எல்லாம் 11.00, 11.00, 11.00, ஒரே மையில், ஒரே சாய்வில். முந்தைய நோட்டையும் அவர் தூக்கிப் போடாமல் பாலித்தீன் உறையில் வைத்திருந்தார். அதிலும் நடுவில் ஓரிடத்தில் கையெழுத்துகள் திடீரென்று இரண்டாகின்றன. ‘அதற்கு முந்தையவர் வந்தது அப்போதுதான்’ என்றார்.